தலையில் அடிபட்டதா என்று கேட்டார்கள்

போன வருஷம் என் மண்டையில் இரண்டு துளை போட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "தடவிப் பார்க்கட்டுமா?" என்கிறார்கள். தடவி முடித்ததும் "எப்படி ஆச்சு?" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனிமேல் வருகிறவர்களுக்கு லோகா ஒரு காபியும் இந்த நோட்டும் கொடுத்தால் போதும்.

லோகா என்பது என் மனைவி லோகநாயகி. திருக்கழுக்குன்றம் அவள் பிறந்த ஊர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனதும் நானும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன். ஒரே மகள் சுமதிக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். எனக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. தினமும் விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போய், கடற்கரையில் அரை மணி உட்கார்ந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் என்னை மாத்திரை போட்டீர்களா என்று கேட்க மாட்டார்கள்.

மாசி மாசத்தில் ஒரு நாள், கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது. சக்கரம் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் விளிம்பில் நெற்றியின் வலது ஓரம் மோதியது. வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து தூக்கினார்.

"இன்னா பெர்சு, பாத்து வரக் கூடாதா? நெத்தி பொடச்சிகினு வருது பாரு. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒன்னுமில்லப்பா. யார்கிட்டயும் சொல்லாத."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

நியாயமான பேச்சு. முகத்தைக் கழுவிக்கொண்டு, வண்டியின் உடைந்த கண்ணாடியை வழியில் ஒரு கடையில் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நெற்றி வீக்கத்துக்குக் கோயில் வாசலில் மாடு திரும்பியபோது கொம்பு பட்டுவிட்டது என்றேன். லோகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மஞ்சள் அரைக்கப் போனாள். சட்டையில் இருந்த கடல் மணலைத் துவைக்கும்போது அவளும் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

மறைத்ததற்குக் காரணம் சாவி. "இன்னொரு தடவை கீழே விழுந்தீங்கன்னா வண்டிச் சாவி என் ஹேண்ட்பேக்ல இருக்கும்" என்று சுமதி முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

நாலு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு காலையில் எழுந்தால் தலைவலி. இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று விழும், விழுந்தது தெரியாமல் நான் நடந்துகொண்டிருப்பேன். சட்டைப் பொத்தானைப் போட இடது கை வரவில்லை. ஒரு நாள் காபி டம்ளர் கையிலிருந்து தானாக இறங்கி மடியில் கொட்டியது. சுமதி ஆபீஸ் ஜீப்போடு வந்து இறங்கினாள். செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை காத்திருப்பது, இரண்டாவது வேலை பதில் சொல்வது. பேர் என்ன, வயசு என்ன, சர்க்கரை உண்டா, பீடி உண்டா. சீட்டு போடுபவர் கேட்டதையே நர்ஸ் கேட்டார், நர்ஸ் கேட்டதையே டாக்டர் கேட்டார். எழுதி வைத்துக்கொள்ளுங்களேன் என்றால், எழுதத்தான் கேட்கிறோம் என்கிறார்கள். புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நாட்டின் பிரதமர் யார் என்று வேறு கேட்டார்கள். பிரதமர்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்த சமயம், நல்ல மூளைக்கே அது கஷ்டமான கேள்வி.

கடைசியில் ஒரு இளம் டாக்டர் கேட்டார்: "ரெண்டு மூணு மாசத்துல எங்கயாவது விழுந்தீங்களா? தலையில அடிபட்டதா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அடிபட்டிருந்தா இப்பவே தாம்பரம் அனுப்பி ஸ்கேன் எடுக்கணும். இல்லன்னா இது சின்ன ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. மாத்திரை ஆரம்பிச்சிட்டு ஸ்கேன் திங்கட்கிழமை எடுத்துக்கலாம்."

"இல்லைன்னு சொன்னேனே."

சுமதி பக்கத்திலேயே நின்றிருந்தாள், ஹேண்ட்பேக்கோடு.

ஸ்ட்ரோக் என்றால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது. அதற்கு ரத்தத்தை இளக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள். எனக்கு இருந்ததோ அதற்கு நேர் எதிரான கோளாறு. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கிவிடுமாம். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, அங்கே ஓடும் மெல்லிய குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடி பட்டாலும் அதில் ஒன்று கிழிந்து, துளித் துளியாக ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். அப்படிக் கசிகிறவனுக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை. நான் சொன்ன பொய்யை நம்பி, பாவம் அந்தப் பிள்ளை வேளைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சாவிக்காகவா ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் பொய் சொல்வான் என்று கேட்கலாம். சாவி ஒரு பாதிதான். மறு பாதி பழக்கம்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். உலகப் போர் வந்தபோது, இங்கிலாந்துக்கு வந்து எங்களோடு சண்டை விமானம் ஓட்ட யார் தயார் என்று வெள்ளைக்காரன் கேட்டான். இருபது வயது. கையைத் தூக்கினேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நாடு முழுவதிலுமிருந்து என்னைப் போலக் கொஞ்சம் பேர் கப்பலேறினோம்.

போர்விமானிக்கு எதிரியைவிட அதிக பயம் ஒருவரிடம்தான். விமானப்படை முகாம் டாக்டரிடம். எதிரி சுட்டால் தப்பிக்கலாம். டாக்டர் "தகுதியில்லை" என்று எழுதிவிட்டால் தப்ப முடியாது. அதனால் எல்லாருமே பொய் சொல்வார்கள். தலைவலி இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது, கண் பளிச்சென்று தெரிகிறது. கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரியை ஒருவன் மனப்பாடம் செய்து வந்து மற்றவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்தியர்களான எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நாங்களாகக் கேட்டுப் போனவர்கள். நம்மில் ஒருத்தன் முடியவில்லை என்று உட்கார்ந்தால், "பார், இவர்களால் ஆகாது" என்று மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள். நாற்பது பேருக்கு நடுவில் இரண்டே இரண்டு கறுத்த முகம் இருந்தால் தலைவலிகூட சொந்த விஷயம் இல்லை.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டில் ஏழுமலைக்கு விளக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், காலில் சர்க்கரைப் புண்.

"அண்ணாத்த, நீ பிளேன் ஓட்டிகினு இருந்தியாமே? பாகிஸ்தான் சண்டையிலயா?"

"அதுக்கும் முன்னால. ஜெர்மன்காரனோட."

"ஜெர்மன்காரன் நம்மள இன்னா பண்ணான்?"

"நம்மள ஒன்னும் பண்ணல. இங்கிலாந்து மேல குண்டு போட்டான்."

"அப்போ நீ வெள்ளக்காரன் கட்சி."

என் சொந்தச் சித்தப்பா அந்த நேரத்தில் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலில் இருந்தார். அவரே இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வார்டு ஆயா சரசா வேறு, தரையைக் கூட்டிக்கொண்டே, "அப்ப தியாகி பென்சன் வராதா தாத்தா?" என்று கேட்டாள். வராது என்றேன். "இன்னாத்துக்குப் போயி அவ்ளோ தூரம்" என்று என் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டாள். இந்தக் கேள்விக்கு அறுபது வருஷமாகப் பதில் தேடுகிறேன். பறக்க விமானம் கொடுத்தார்கள், போனேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலை தலை ஒரே பாரம். சாப்பிட்ட இட்லி வெளியே வந்தது. இடது கையைத் தூக்கச் சொன்னால் அது யாருடைய கையோ போலக் கிடந்தது. பேசினால் நாக்கு தடித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. சுமதி அன்று லீவு எழுதிக்கொடுக்கக் கல்பாக்கம் போயிருந்தாள். பெரிய டாக்டர் வந்தார், ஐம்பது வயது அம்மாள். என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார். என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று லோகா பக்கம் திரும்பினார்.

"நீங்க கூடவே இருக்கறவங்க. உண்மையைச் சொல்லுங்க. எங்கயாவது விழுந்தாரா? வீட்டுல தலைவலி, வாந்தி ஏதாவது?"

லோகா என்னைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இல்லீங்க டாக்டர். நல்லாத்தான் இருந்தார். நல்லாத் தூங்கினார்."

பாதி மயக்கத்திலும் அது என் காதில் விழுந்தது. இதே வார்த்தையை நான் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

என்னோடு ஒரே அறையில் தேவேன் என்று ஒரு வங்காளப் பையன் இருந்தான். அந்த முகாமில் இருந்த இன்னொரு கறுத்த முகம் அவனுடையதுதான். ஒரு நாள் சக்கரம் இறங்காமல் விமானத்தை வயிற்றால் தேய்த்து இறக்கினான். முன்னால் இருந்த குறிபார்க்கும் கண்ணாடியில் அவன் தலை மோதியது. எழுந்து சிரித்துக்கொண்டே வந்தான். அன்றைக்கும் மறுநாளும் அறையில் வாளியில் வாந்தி எடுத்தான், நான் கொண்டுபோய்க் கொட்டினேன். முகாம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் அறைக்காரன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். நல்லவர் அவர். "நன்றாக இருக்கிறான், நன்றாகத் தூங்கினான்" என்றேன். தேவேன் எனக்கு ஒரு சாக்லெட் வாங்கிக் கொடுத்தான். மூன்று நாள் கழித்து, எதிரி ஒருத்தனும் இல்லாத வானத்தில், வரிசையில் எனக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தவன் மெதுவாகச் சாய்ந்து, இறங்கி, கடலுக்குள் போனான். ரேடியோவில் அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். பதில் வரவில்லை. அவன் அம்மாவுக்குப் போரில் வீரமரணம் என்று கடிதம் போனது. கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. லோகாவிடமும் இல்லை.

இப்போது அவள், ஐம்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து அதே பொய்யை எனக்காகச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். நான் செத்தால் மீதிக் காலம் முழுக்க அதை அவள் சுமக்க வேண்டும். எனக்கு அந்தச் சுமை தெரியும். கோபம் வந்தது, அவள்மேல் இல்லை.

"விழுந்தேன்" என்றேன். நாக்கு புரண்டதில் டாக்டருக்குப் புரியவில்லை. வலது கையால் நெற்றியைத் தட்டிக் காட்டினேன். "விழுந்தேன். வண்டி. மகாபலிபுரம். ரெண்டு மாசம்."

டாக்டர் அம்மாள் என் தலைமாட்டில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்து, வெள்ளை மாத்திரையின் பெயரை இரண்டு தடவை அடித்தார். பேனா காகிதத்தைக் கிழித்தது. "படிச்சவங்கதானே நீங்க?" என்றார். அதற்குப் பிறகு ஆட்களை விரட்டத்தான் அவருக்கு நேரம் இருந்தது.

ஆம்புலன்ஸில் தாம்பரம் போய் ஸ்கேன் எடுத்து, அதே ஆம்புலன்ஸில் திரும்பி வந்தோம். மறைமலைநகர் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது என்று லோகா பிறகு சொன்னாள். எனக்கு அது எதுவும் நினைவில்லை. மூளைக்கு ஆபரேஷன் செய்யும் சர்ஜன் சென்னையிலிருந்து வாரம் இரண்டு நாள் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருகிறவர். என் அதிர்ஷ்டம், அன்று அவர் வரும் நாள். வலது பக்கம் மொட்டையடித்து, இரண்டு துளை போட்டு, உள்ளே தேங்கியிருந்ததைக் கழுவி எடுத்தார்கள். பழைய எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பாக வந்தது என்றார் சர்ஜன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாராம்.

கண் விழித்தபோது ஒரு குழாய் தலையிலிருந்து பைக்குப் போயிற்று. தலையணை கூடாது, இரண்டு நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். மல்லாந்து கிடந்து, மின்விசிறியில் எத்தனை தூசி இருக்கிறது என்று பார்த்தேன். சரசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொழச்சிகினியே, அத்தப் பாரு தாத்தா" என்றாள். இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பித்தன. ஏழுமலை தன் மனைவி கொண்டுவந்த ரசத்தில் பாதியை எனக்கு அனுப்பினார், வெள்ளைக்காரன் கட்சியாக இருந்தாலும். சுமதி என்னிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், வண்டியை ஒரு கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

குழாயை எடுத்த பிறகு சர்ஜன் மறுபடி வந்து ஒரு பரீட்சை வைத்தார். மூக்கைத் தொடு, காலை நீட்டு, சிரித்துக் காட்டு. பிறகு இரண்டு காதுக்குப் பக்கத்திலும் விரலைத் தேய்த்தார். இடது காதில் கேட்டது என்றேன். வலது பக்கம் அவர் தேய்த்தாரா என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு இரும்புக் கவையைத் தட்டி, ரீங்காரம் கேட்கிறதா என்று காதருகே வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"வலது காது சுத்தமா கேக்கலையே. விழுந்ததுல காது எலும்பும் உடைஞ்சிருக்கும்னு தோணுது. மறுபடி ஸ்கேன் எடுக்கணும். டிஸ்சார்ஜ் இப்ப இல்ல."

சுமதி சுவரில் சாய்ந்துவிட்டாள். லோகா என் வலது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "அது இப்ப போனதில்லை. நாற்பத்திரண்டுல, சண்டை நடந்தப்ப போனது."

சளியோடு பறக்கக் கூடாது, தெரிந்தேதான் பறந்தேன். உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கியபோது காது வெடித்து, சீழ் பிடித்து, போயே போய்விட்டது. அந்தக் காலத்தில் காது பரிசோதனை என்பது டாக்டர் தூரத்தில் நின்று கிசுகிசுப்பது. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மற்றக் காதால் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். இடது காதை அடைக்கும்போது விரலை இறுக்காமல் கொஞ்சம் சந்து விட்டேன். அவ்வளவுதான் வித்தை. போர் முடிகிறவரை அந்தச் சந்தில்தான் பறந்தேன். அதற்குப் பிறகு விமான நிலையத்தில் வேலைக்குச் சேரும்போதும் அப்படியே.

சர்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா சார்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். சுமதி தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, டிஸ்சார்ஜ் சீட்டு வாங்க அவர் பின்னால் போனாள்.

லோகா சிரிக்கவில்லை.

"எந்தக் காது?" என்று கேட்டாள். இடது காதை அவள் பக்கம் திருப்பாமலே, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"வலது."

"நான் படுக்குற பக்கம்."

ஆமாம். பகலில் சமாளித்துவிடுவேன். நடக்கும்போது அவளை இடப்பக்கம் விட்டுக்கொள்வேன். ராத்திரியில் எனக்கு இடது பக்கம் சாய்ந்து, கேட்கிற காதைத் தலையணையில் புதைத்தால்தான் தூக்கம் வரும். அவள் எனக்கு வலது பக்கம், சுவரோரம். ஐம்பது வருஷமாக அப்படித்தான்.

"அப்போ நான் சொன்னது எதுவும்…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "பெரியவன் போன அன்னிக்கு ராத்திரி உங்ககிட்ட ஒன்னு கேட்டேன்."

சுமதிக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து, மூன்று வயதில் ஜுரத்தில் போய்விட்டான்.

"காதுல விழலை லோகா."

"நீங்க பதில் சொல்லல. திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க அப்படித்தான் நெனைக்கிறீங்கன்னு நான் இருந்துட்டேன்."

அவள் எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்தாள். போட்டு உட்கார்ந்தாள். என் காதோடு குனிந்தாள்.

"விடியட்டும், காலைல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னு நான்தான் சொன்னேன். அவன் போனது என் தப்பான்னு கேட்டேன்."

"இல்லை" என்றேன்.

"சத்தமா சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன். ஏழுமலை எழுந்து உட்கார்ந்து பார்த்தார். சரசா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.